எந்த இரண்டு வாரம்?

மதுவை நிறுத்தி ஐந்து நாட்களே ஆகியிருந்த ஒருவரிடம், மனச்சோர்வை அளப்பதற்கான ஒன்பது கேள்விகள் அடங்கிய தாளைக் கொடுத்து, "கடந்த இரண்டு வாரங்களை நினைத்துப் பார்த்து ஒவ்வொன்றுக்கும் ஒரு விடையை வட்டமிடுங்கள்" என்று சொன்னேன். தாளை வாங்கிக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தவர், பேனாவைத் திறக்காமலேயே கேட்டார்: "எந்த இரண்டு வாரம் சார்? குடிச்சிட்டிருந்த ஒன்பது நாளையா, நிறுத்தின இந்த அஞ்சு நாளையா? ரெண்டுலயும் நான் ஒரே ஆளா இல்லையே." மொத்தமாக எப்படி இருந்ததோ அதைச் சொல்லுங்கள் என்று பொதுவாக எதையோ சொல்லிச் சமாளித்தேன். அவரும் மரியாதைக்காக வட்டமிட்டுத் தந்தார். கூட்டிப் பார்த்தால் 18 வந்தது. அதைக் கோப்பில் எழுதிவைத்துவிட்டு அடுத்தவரை அழைத்தேன்.

மனநல வினாநிரல்கள் போதைப்பொருள் பயன்பாட்டுக் கோளாறு உடையவர்களிடமும் சரியாக அளக்கின்றனவா என்று சோதித்துப் பார்ப்பது பல ஆண்டுகளாக என் வேலையின் ஒரு பகுதி. அதற்கான புள்ளியியல் முறைகளைப் புத்தகத்தில் படித்துக்கொள்ளலாம். ஆனால் அந்த மனிதர் கேட்ட கேள்விக்கு விடை தேடப் போனபோதுதான், அம்முறைகளில் எது எதற்காக இருக்கிறது என்பது எனக்குப் புரியத் தொடங்கியது.

நான் கொடுத்த தாள் பி.எச்.கியூ-9. 2001-இல் வெளியானது; ஒவ்வொரு கேள்விக்கும் 0 முதல் 3 வரை, மொத்தம் 27 மதிப்பெண். 10 அல்லது அதற்கு மேல் வந்தால் மனச்சோர்வு இருக்கலாம், மேற்கொண்டு விசாரிக்க வேண்டும் என்பது வழக்கமான வெட்டுப்புள்ளி. மூல ஆய்வில், பொதுமருத்துவ மையங்களுக்கும் மகப்பேறு மருத்துவ மையங்களுக்கும் வந்த 6,000 பேர் இதை நிரப்பினார்கள். அவர்களில் ஒரு பகுதியினரை மனநல நிபுணர்கள் தனியாகப் பேட்டி கண்டு ஒப்பிட்டதில், 10 என்ற புள்ளியில் உணர்திறன் (நோய் உள்ளவர்களில் தாள் சரியாகப் பிடிப்பவர்களின் பங்கு) 88 சதவீதம், குறிப்புத்தன்மை (நோய் இல்லாதவர்களில் தாள் சரியாக விட்டுவிடுபவர்களின் பங்கு) 88 சதவீதம் என்று கிடைத்தது. நல்ல எண்கள்தாம். சிக்கல் என்னவென்றால், அந்த எண்கள் அந்த மையங்களுக்கு வந்தவர்களைப் பற்றியவை. நாமோ "இது ஏற்புடைமை நிறுவப்பட்ட கருவி" என்று ஆய்வுக்கட்டுரையில் ஒரே வரியில் எழுதிவிட்டு, ஹெராயின் போன்ற ஓப்பியாய்டுகளை நிறுத்தியதால் உடல் படும் பாட்டில், அதாவது விலகலில், நடுங்கிக்கொண்டிருப்பவரிடமும் அதே தாளை நீட்டுகிறோம்.

ஏற்புடைமை என்பது தாளோடு ஒட்டிக்கொண்டு போகும் முத்திரை அன்று. அமெரிக்க உளவியல் சங்கம் உள்ளிட்ட மூன்று அமைப்புகள் சேர்ந்து 2014-இல் வெளியிட்ட சோதனைத் தரநிலைகள் இதைத் தெளிவாகவே சொல்கின்றன: ஒரு மதிப்பெண்ணுக்கு நாம் தரும் பொருளை, நாம் அதைப் பயன்படுத்த நினைக்கும் காரியத்துக்காக, சான்றுகளும் கோட்பாடும் எந்த அளவுக்குத் தாங்கிப் பிடிக்கின்றன என்பதே ஏற்புடைமை. ஆகவே "இந்தக் கருவி ஏற்புடையதா?" என்று கேட்பதே அரைகுறையான கேள்வி. யாரிடம், எப்போது, எந்த முடிவுக்காக என்ற மூன்றையும் சேர்த்தால்தான் அது முழுக் கேள்வியாகிறது.

தாளைக் கொஞ்சம் நெருக்கத்தில் பார்க்கலாம். ஒன்பது கேள்விகளில் தூக்கம், களைப்பு, பசி, கவனம், உடலியக்கத்தில் மந்தம் அல்லது நிலைகொள்ளாமை ஆகிய ஐந்தும் உடலையும் அதன் இயக்கத்தையும் பற்றியவை. மதுவை நிறுத்திய முதல் வாரத்தில் இந்த ஐந்தும் ஒருவருக்குக் கெட்டுப்போவதற்கு மனச்சோர்வு தேவையே இல்லை, விலகல் அறிகுறிகளே போதும். ஐந்துக்கும் 3 போட்டால் 15. அதாவது, வருத்தமாக இருக்கிறது என்றோ எதிலும் ஆர்வம் இல்லை என்றோ ஒரு சொல்கூடச் சொல்லாத ஒருவர், வெட்டுப்புள்ளியைத் தாண்டி 'மிதமானதைவிடக் கடுமையான மனச்சோர்வு' என்ற கட்டத்துக்குள் போய் உட்கார்ந்துவிடலாம். முதல் இரண்டு கேள்விகளில் ஒன்றாவது இருந்தாக வேண்டும் என்ற நிபந்தனையோடு மதிப்பிடும் முறையும் இதே வினாநிரலுக்கு உண்டு. ஆனால் நடைமுறையில் பெரும்பாலானோர் செய்வது வெறும் கூட்டல்தான். நானும் அன்று அதைத்தான் செய்தேன்.

இன்னும் நுணுக்கமான தொல்லை ஒன்று உண்டு. தூக்கக் கேள்வி தூக்கம் வராமையையும் அதிகம் தூங்குவதையும் 'அல்லது' போட்டு ஒரே வரியில் கேட்கிறது; பசிக் கேள்வியும் அப்படித்தான். ஓப்பியாய்டை நிறுத்தியவருக்குத் தூக்கம் வராது. கொக்கெய்ன், ஆம்ஃபெட்டமைன் போன்ற ஊக்கிகளை நிறுத்தியவரோ நாள் கணக்கில் தூங்குவார், பசியும் கூடும். இருவரும் அதே 3-ஐத்தான் வட்டமிடுவார்கள். எதிரெதிர்த் திசையில் போகும் இரண்டு உடல்நிலைகள் ஒரே எண்ணாகிவிடுகின்றன. அந்த எண்ணை வைத்து நாம் மூன்றாவதான ஒரு நிலையை, அதாவது மனச்சோர்வை, ஊகிக்கிறோம்.

ஆறாவது கேள்வி வேறு விதமானது. தன்னைப் பற்றியே மோசமாக உணர்வது, தான் தோற்றுவிட்டதாகவோ குடும்பத்தைக் கைவிட்டுவிட்டதாகவோ நினைப்பது பற்றியது அது. மனச்சோர்வுள்ள ஒருவர் இல்லாத குற்றத்தை எல்லாம் தன் தலையில் போட்டுக்கொள்வார் என்பதுதான் அந்தக் கேள்விக்குப் பின்னால் இருக்கும் எண்ணம். போதைப் பழக்கத்தில் இருந்தவரிடம் இதைக் கேட்டால், சேமிப்பு கரைந்ததும், வாக்குக் கொடுத்து மீறியதும், பிள்ளையின் முகத்தைப் பார்க்கக் கூசியதும் உண்மையிலேயே நடந்தவை என்பார். அது நோயின் அறிகுறியா, நடந்ததை நேர்மையாக ஒப்புக்கொள்வதா? சிகிச்சையின் நோக்கில் பார்த்தால் அந்த ஒப்புதல் சில சமயம் முன்னேற்றத்தின் அடையாளம்கூட. தற்கொலை எண்ணத்தைக் கேட்கும் ஒன்பதாவது கேள்வியிலும் இத்தகைய மங்கல் உண்டு. அளவுக்கு மீறி எடுத்துக்கொண்டு உயிர் தப்பியவர்கள் சிலர், அன்று சாக நினைத்தேனா இல்லையா என்பது எனக்கே தெரியவில்லை என்பார்கள். அந்தக் கேள்விக்கு 0 தவிர வேறு எது வந்தாலும் அன்றைக்கே உட்கார்ந்து பேசுவதுதான் முறை. அங்கே புள்ளியியல் காத்திருக்கலாம்.

இனி, நான் செய்த பிழையைச் சொல்ல வேண்டும். தொடக்க காலத்தில், சிகிச்சையில் சேர்ந்தவர்களிடம் முதல் வாரத்திலேயே திரட்டிய விடைகளைக் கணினியில் ஏற்றிக் குரோன்பாக் ஆல்பாவைக் கணக்கிட்டேன். லீ குரோன்பாக் 1951-இல் எழுதிய கட்டுரையால் பரவிய அளவை அது. ஒரு வினாநிரலின் கேள்விகள் ஒன்றோடொன்று எவ்வளவு ஒத்துப்போகின்றன என்பதைக் காட்டும். எனக்குக் கிடைத்த எண் நன்றாகவே உயர்ந்திருந்தது. மகிழ்ச்சியோடு அறிக்கையில் எழுதிவிட்டேன், படித்தவர்களும் தலையாட்டினார்கள். யோசித்துப் பார்த்தால் அது உயராமல் இருந்திருந்தால்தான் வியப்பு. கேள்விகளின் எண்ணிக்கையும் அவற்றுக்கிடையிலான சராசரி ஒட்டுறவும்தான் ஆல்பாவைத் தீர்மானிக்கின்றன. விலகல் ஒருவருடைய தூக்கத்தையும் பசியையும் கவனத்தையும் ஒரே நேரத்தில் கெடுக்கிறது. விலகல் லேசாக இருப்பவருக்கு மூன்றும் ஒரே நேரத்தில் தப்பிக்கின்றன. ஆக, கேள்விகள் கைகோத்துக்கொண்டு ஏறி இறங்குகின்றன. எந்தக் கலப்படம் மதிப்பெண்ணின் பொருளைக் கெடுத்ததோ, அதே கலப்படம்தான் நம்பகத்தன்மை எண்ணை உயர்த்திக் காட்டியது. அந்தத் தாள் எதையோ சீராக அளந்தது உண்மை. நான் அதற்கு மனச்சோர்வு என்று பெயர் வைத்ததுதான் தவறு. இன்றுவரை, ஏற்புடைமைக்குச் சான்றாக ஆல்பாவை மட்டும் காட்டும் கட்டுரையைப் பார்த்தால் அந்தப் பழைய அறிக்கை நினைவுக்கு வந்து சற்றுக் கூச்சமாக இருக்கும்.

இதைப் பிரித்துப் பார்க்கக் காரணிப் பகுப்பாய்வு உதவும். உடல்சார் கேள்விகள் ஒரு கொத்தாகவும் உணர்வுசார் கேள்விகள் இன்னொரு கொத்தாகவும் பிரிகின்றனவா என்று அது காட்டும். அதற்கடுத்த படி அளவீட்டு மாறாமைச் சோதனை: உள்ளே ஒரே அளவு மனச்சோர்வு இருக்கும் இருவர், ஒருவர் மதுவை விட்டவர், மற்றவர் ஊக்கிகளை விட்டவர் என்பதற்காக மட்டும் ஒரு கேள்விக்கு வேறு வேறு விடை தருகிறார்களா என்பதே அதன் சாரம். அப்படித் தந்தால் அந்த இரு குழுக்களின் சராசரிகளை ஒப்பிடுவதில் பொருளில்லை. அமெரிக்க மனநல மருத்துவர்களின் நோயறிதல் கையேடான டி.எஸ்.எம்-5 2013-இல் தந்த வரையறையில் 11 அளவுகோல்களில் இரண்டு பொருந்தினாலே கோளாறு உண்டு, ஆறோ அதற்கு மேலோ பொருந்தினால் கடுமையானது. எனவே 'போதைப்பொருள் பயன்பாட்டுக் கோளாறு உடையவர்கள்' என்ற ஒரே தலைப்பின்கீழ், ஒரு அளவுகோல்கூடப் பொதுவாக இல்லாத இரண்டு பேர் பக்கத்துப் பக்கத்தில் நிற்கலாம். அத்தகைய கூட்டத்துக்கு ஒரே ஒரு வெட்டுப்புள்ளியை அறிவிப்பதில் எனக்கு என்றைக்குமே மனம் ஒப்பியதில்லை.

எல்லாவற்றையும்விடப் பெரிய சங்கதி காலம். சாண்ட்ரா பிரவுனும் மார்க் ஷுக்கிட்டும் 1988-இல் வெளியிட்ட ஆய்வில், மதுச் சார்புக்காக உள்நோயாளிகளாகச் சேர்ந்த ஆண்களில் 42 சதவீதத்தினருக்குச் சேர்க்கையின்போது பொருட்படுத்தத்தக்க அளவில் மனச்சோர்வு அறிகுறிகள் இருந்தன. நான்கு வாரங்கள் மதுவின்றி இருந்த பிறகு அது 6 சதவீதமாகக் குறைந்தது. இந்த ஒரு தகவலை வைத்துக்கொண்டு, வினாநிரல் ஆய்வுகளில் வழக்கமாகச் செய்யும் மறுசோதனையை நினைத்துப் பாருங்கள். ஒரே தாளை இரண்டு வார இடைவெளியில் இருமுறை கொடுத்து, மதிப்பெண்கள் ஒத்துப்போனால் கருவி நிலையானது என்கிறோம். இங்கே மனிதரே மாறிக்கொண்டிருக்கிறார். முதல் வாரத்துக்கும் மூன்றாம் வாரத்துக்கும் இடையே மதிப்பெண் மாறாமலே இருந்தால்தான் கருவியைச் சந்தேகிக்க வேண்டும். மறுசோதனை செய்துதான் ஆக வேண்டும் என்றால், விலகல் அடங்கிய பிறகு, குறுகிய இடைவெளியில், இடையில் பொருளைப் பயன்படுத்தாதவர்களிடம் செய்ய வேண்டும். ஆட்கள் குறைந்துபோவார்கள்தான், ஆனால் கிடைக்கும் எண்ணுக்கு ஒரு பொருள் இருக்கும்.

வினாநிரலை எதோடு ஒப்பிட்டுச் சரிபார்ப்பது என்பதும் இங்கே எளிதல்ல. வழக்கமாக, பயிற்சி பெற்ற ஒருவர் கட்டமைக்கப்பட்ட நேர்காணலின் வழியாகத் தரும் நோயறிதலைத் தராசாக வைப்போம். அவரும் இதே சுவரில்தான் முட்டிக்கொள்கிறார், ஏனென்றால் இந்தச் சோர்வு தனியான நோயா, பொருளால் விளைந்ததா என்று அவர் முடிவு செய்தாக வேண்டும். பயன்பாடு நின்று ஏறத்தாழ ஒரு மாதமாகியும் அறிகுறிகள் நீடித்தால் தனியான நோயாகக் கருதலாம் என்பது நோயறிதல் கையேடுகள் தரும் வழிகாட்டல். அப்படியானால் ஐந்தாம் நாளில் நேர்காணல் நடத்தி, அதை உண்மை என்று வைத்துக்கொண்டு, அதே ஐந்தாம் நாளின் வினாநிரலை அதோடு ஒப்பிட்டால் இரண்டும் அழகாக ஒத்துப்போகும். இரண்டும் ஒரே தவற்றைச் செய்வதால். இந்தச் சிக்கலுக்காகவே டெபோரா ஹேசினும் சக ஆய்வாளர்களும் 1990-களில் பிரிசம் என்ற நேர்காணலை உருவாக்கினார்கள். பயன்பாட்டின் காலவரிசையை முதலில் விரிவாக வாங்கிக்கொண்டு, பிறகுதான் மனநிலைக் கேள்விகளுக்குப் போகும் அது. என் அனுபவத்தில் அந்த வரிசை மாற்றம் ஒன்றே பாதிக் குழப்பத்தைத் தீர்க்கிறது.

கொஞ்சம் கணக்கு. ஆயிரம் பேரில் நூறு பேருக்கு மனச்சோர்வு இருக்கும் ஒரு பொதுமருத்துவ மையத்தில், உணர்திறனும் குறிப்புத்தன்மையும் 88 சதவீதம் உள்ள கருவி 88 பேரைச் சரியாகவும், மீதி 900 பேரில் 108 பேரைத் தவறாகவும் பிடிக்கும். போதை சிகிச்சைப் பிரிவில் ஆயிரத்தில் 400 பேருக்கு மனச்சோர்வு இருப்பதாக வைத்துக்கொண்டால், அதே கருவி 352 பேரைச் சரியாகப் பிடித்து, 72 பேரை மட்டும் தவறாகப் பிடிக்கும். கேட்பதற்கு இனிமையாக இருக்கிறது. ஆனால் விலகல் அறிகுறிகளால் குறிப்புத்தன்மை 60 சதவீதமாகக் குறைந்துவிட்டால் தவறாகப் பிடிபடுபவர்கள் 240 பேர். மனச்சோர்வு இல்லாதவர்களில் பத்துக்கு நான்கு பேருக்குத் தேவையில்லாத நோய்ப்பெயர். எண்கள் என் உதாரணத்துக்காக எடுத்துக்கொண்டவை, ஆனால் சரிவு கற்பனை அல்ல. கவனக்குறைவு-மிகை இயக்கக் கோளாற்றைத் தேடும் ஏ.எஸ்.ஆர்.எஸ் என்ற சிறிய வினாநிரலைப் பல நாடுகளில் போதை சிகிச்சைக்கு வந்தவர்களிடம் சோதித்து 2013-இல் வெளியான ஆய்வில், உணர்திறன் 0.84 ஆகவும் குறிப்புத்தன்மை 0.66 ஆகவும் இருந்தன. இல்லாதவர்களை ஒதுக்கிவைக்க அது உதவும். உள்ளவர்களை உறுதிசெய்ய உதவாது. அந்த வேறுபாட்டை வெளிப்படையாகச் சொல்லும் ஆய்வுகளை எனக்குப் பிடிக்கும்.

பயன்பாட்டையே அளக்கும் கருவிகளுக்கு வேறொரு குறை உண்டு. உலக சுகாதார நிறுவனத்தின் ஆடிட் வினாநிரல் 10 கேள்விகள், 40 மதிப்பெண், 8-இல் வெட்டுப்புள்ளி என்று ஆறு நாடுகளின் ஆரம்ப சுகாதார மையங்களில் உருவானது. ஆபத்தான குடியை முன்கூட்டியே கண்டறிவதுதான் அதன் வேலை. சிகிச்சைக்கே வந்துவிட்டவர்களிடம் கொடுத்தால் எல்லோரும் 8-ஐத் தாண்டித் தொலைவில் நிற்பார்கள். வெட்டுப்புள்ளி அங்கே எதையும் பிரித்துக் காட்டுவதில்லை.

பொய் சொல்ல மாட்டார்களா என்பதுதான் வெளியாட்கள் என்னிடம் முதலில் கேட்கும் கேள்வி. அது என் கவலைகளில் கடைசி. போதையில் இல்லாத நேரத்தில், விடைகள் வெளியே போகாது என்ற உறுதியோடு, தெளிவான கேள்விகளைக் கேட்டால் இவர்கள் தரும் தகவல் பெரும்பாலும் நம்பத்தக்கதே. நம்பிக்கை உடைவது, விடையைப் பொறுத்து ஏதாவது நடக்கும்போது. வீட்டுக்கு அனுப்புவதா, மாத்திரையைக் குறைப்பதா, குழந்தையை யாரிடம் விடுவது என்பதைத் தீர்மானிப்பவரே தாளையும் வாங்கிக்கொண்டால் யாராக இருந்தாலும் யோசித்துத்தான் எழுதுவார்கள். ஆய்வுக்காக வாங்கும் தாளைச் சிகிச்சை தருபவர் பார்க்கக் கூடாது என்ற விதியை நாங்கள் கறாராக வைத்துக்கொண்டபோது விடைகளின் தோரணையே மாறியது.

பொய்யைவிட இல்லாமைதான் என்னை அதிகம் உறுத்துகிறது. பாதியில் கிளம்பிப் போனவர்களும், எட்டு வினாநிரல்களைத் தொடர்ந்து கொடுத்ததால் ஐந்தாவதில் சலித்து ஒரே நெடுவரிசையில் வட்டமிட்டவர்களும், நினைவும் கவனமும் தேறாததால் நீண்ட வாக்கியத்தின் முடிவுக்கு வருவதற்குள் தொடக்கத்தை மறந்தவர்களும் பகுப்பாய்வில் 'விடுபட்ட தரவு' என்ற பெயரில் மறைந்துபோகிறார்கள். கருவி யாரிடம் மிக மோசமாக வேலை செய்ததோ, அவர்களை நீக்கிவிட்டுத்தான் நாம் கருவி நன்றாக வேலை செய்கிறது என்கிறோம்.

மொழிபெயர்ப்பைப் பற்றி ஒன்று மட்டும். தமிழில் உடல் களைத்தாலும் சோர்வு, மனம் தளர்ந்தாலும் சோர்வு. 'மனச்சோர்வாக உணர்ந்தீர்களா' என்று ஒரு கேள்வியும், அதற்குக் கொஞ்சம் கீழே 'சோர்வாக உணர்ந்தீர்களா' என்று இன்னொன்றும் இருந்த ஒரு வரைவைப் படித்துக்காட்டியபோது, "இதைத்தான் மேலேயே கேட்டீங்களே" என்று ஒருவர் அலுத்துக்கொண்டார். தமிழாக்கத்தை மூல மொழிக்கே திரும்ப மொழிபெயர்த்துச் சரிபார்க்கும் முறையில் இந்தக் கோளாறு சிக்கவே சிக்காது, ஏனென்றால் இரண்டும் திருப்பும்போது சரியாகவே திரும்பிவிடும். தாளை வாசிப்பவர் எப்படிப் புரிந்துகொள்கிறார் என்று ஒவ்வொரு கேள்வியாக வாய்விட்டுச் சொல்லவைத்துக் கேட்டால்தான் தெரியும். ஏழெட்டுப் பேரிடம் பொறுமையாக அதைச் செய்வது, நூற்றுக்கணக்கானோரிடம் தாளை நிரப்பி வாங்குவதற்கு முன் நடக்க வேண்டும். பெரும்பாலும் நேரமில்லை என்று தவிர்க்கப்படுவதும் அதுதான்.

இப்போதெல்லாம் எந்த வினாநிரலின் தலைப்பிலும் கடைசியாகப் பயன்படுத்திய நாள், பயன்படுத்திய பொருள் என்ற இரண்டு கட்டங்களைச் சேர்த்துவிடுகிறேன். கேட்கும் காலம் எந்த நாளிலிருந்து தொடங்குகிறது என்பதை நாள்காட்டியைக் காட்டியே சொல்கிறேன். சேர்க்கையில் ஒருமுறை, நான்காம் வாரத்தின் முடிவில் ஒருமுறை என்று தாள் இரண்டு முறை நிரப்பப்படுகிறது, உடல்சார் ஐந்தும் மற்ற நான்கும் தனித்தனியாகக் கூட்டப்படுகின்றன.

அந்த மனிதரின் இரண்டு தாள்களும் இன்னும் என்னிடம் இருக்கின்றன, பெயரில்லாமல். முதல் தாளின் 18-இல் 13 உடல்சார் கேள்விகளிலிருந்து வந்தது. நான்காம் வாரத்தில் அந்த 13 மூன்றாகக் குறைந்திருந்தது, மொத்தம் 8. வெட்டுப்புள்ளிக்குக் கீழே, கோப்பில் 'மனச்சோர்வு இல்லை' என்று எழுதிவிடலாம். மற்ற நான்கு கேள்விகளின் கூட்டுத்தொகை அன்றும் ஐந்து, அன்றைக்கும் ஆறாவது கேள்வியில் வட்டம் 3-ஐச் சுற்றித்தான் இருந்தது, முதல் தாளில் இருந்ததைவிடக் கொஞ்சம் அழுத்தமாக. அந்தத் தாளை மேசைமேல் வைத்துவிட்டு, அவர் முன்பு கேட்டதையே நான் கேட்டேன்: "இதை எந்த நாட்களை நினைத்து வட்டமிட்டீர்கள்?" சிறிது நேரம் பேசாமல் இருந்தவர், "இது அந்த ரெண்டு வாரத்துக்குள்ள அடங்காது சார்" என்றார். அன்று பிற்பகலுக்கு வைத்திருந்த மற்ற வேலைகளைத் தள்ளிவைத்தேன்.